சிவந்தால் மாடு

ஆய்வகத்திலிருந்து வந்த பெண்ணை ரெகுலா ஸென்ட்னருக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. இத்தனைக்கும் மிஸ் கார்லிஸ் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் கதவுப் பிடியைத் தொட்டால் கை கழுவினாள். காபி கொடுத்தால் கோப்பையின் விளிம்பைச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். ரெகுலாவின் சமையலறையில் அதுவரை யாரும் கோப்பை விளிம்பைப் பார்த்ததில்லை. ஒருத்தியை வெறுக்க அது போதாதா?

ஆனால் வெறுப்பை வெளியே காட்டிக்கொள்ளும் நிலைமையில் அவர்கள் இல்லை. ஸென்ட்னர் பண்ணையிலிருந்து பால் போகிற வீடுகளில் பிள்ளைகளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டிருந்தது. காஸ்பர் எல்மரின் மகன் தைஸ் போன வாரம் போயே போய்விட்டான். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்! சுகாதார அதிகாரி வந்து வாசல் கேட்டில் தடை அட்டையை ஆணியடித்து, கறக்கிற பாலையெல்லாம் பன்றிக்கு ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். தேவாலயத்தில் அவர்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சு காலியாகக் கிடந்தது. பக்கத்தில் வந்து உட்கார ஒரு ஜீவனுக்கும் மனசு வரவில்லை. சுவிட்சர்லாந்தின் கிளாரஸிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்து, விஸ்கான்சின் மண்ணில் காடு வெட்டி, ஒருவர் தொழுவத்தை ஒருவர் எழுப்பிக் கொடுத்த சனம் அது. இப்போது தூரத்தில் ஸென்ட்னர் வண்டியைக் கண்டாலே வேறு பாதையில் திரும்பியது.

பனி உருகிப் பாதையெல்லாம் சேறாகக் கிடந்ததால் மாதிரிகளை நகரத்துக்கு எடுத்துப்போக முடியாது என்று மிஸ் கார்லிஸ் அங்கேயே தங்கிவிட்டாள். சீஸ் காய்ச்சும் கொட்டகையில் பாய்லர் ஓரமாக எப்போதும் உடம்புச் சூடு இருக்கும். அங்கே ஒரு பலகை கேட்டு வாங்கி, தன் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தினாள். ஒவ்வொன்றிலும் சர்க்கரை சேர்த்த இறைச்சிச் சாறு, வாயில் பஞ்சு அடைப்பு. பசு ப்ளூமியின் வீங்கிய மடியிலிருந்து எடுத்த பாலில் ஒரு துளியை விட்ட குழாய்க்கு மட்டும் கழுத்தில் நீல நூல் கட்டியிருந்தாள்.

"இதுல என்ன தெரியும் டாக்டரம்மா?" என்று கேட்டான் ரெகுலாவின் கணவன் பால்ஸ்.

"நான் டாக்டர் இல்ல, மிஸ்டர் ஸென்ட்னர். காலையிலிருந்து சொல்லிட்டிருக்கேன்."

"சரிங்க டாக்டரம்மா. இதுல என்ன தெரியும்?"

மிஸ் கார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகவே சொன்னாள். "இந்தக் கிருமியில ரெண்டு வகை. ஒண்ணு மாட்டோட மடியில வளர்றது, இன்னொண்ணு மனுஷன் தொண்டையில வளர்றது. மைக்ராஸ்கோப்புல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி மணி கோத்தாப்ல இருக்கும், வித்தியாசம் தெரியாது. ஆனா ரெண்டும் சர்க்கரையைத் தின்னுட்டுச் சாறைப் புளிக்க வைக்கும். மனுஷ வகைக்கு அந்தப் புளிப்பு சீக்கிரமே தாங்காமப் போய், பாதியிலயே நின்னுடும். மாட்டு வகை அதையும் தாண்டிப் புளிக்க வைக்கும்."

"மாட்டுக் கிருமிக்கு வயிறு பெரிசுன்னு சொல்லுங்க."

"அப்படியே வச்சுக்குங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு சாயம் விடுவேன். நல்லா புளிச்சிருந்தா சிவக்கும், மாட்டு வகை. அரைகுறையாப் புளிச்சிருந்தா ஆரஞ்சா நிக்கும், மனுஷ வகை. தைஸ் தொண்டையில எடுத்தது ஆரஞ்சுதான். காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைங்களுதும் ஆரஞ்சுதான்."

"அப்போ எங்க ப்ளூமியோடது சிவந்துட்டா?"

"வெறும் மடிவீக்கம். அதால யாருக்கும் தொண்டை வீங்காது. நான் வேற இடத்துல தேடுவேன்."

"ஆரஞ்சா நின்னா?" இது ரெகுலா.

மிஸ் கார்லிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆரஞ்சா நின்னா, தைஸைக் கொன்னது இந்தப் பாலுதான். அதோட, தொண்டை நோவு இருந்த மனுஷங்க யாரோ அதை ப்ளூமிக்குக் குடுத்திருக்காங்க. மாட்டுக்குத் தானா வராது."

பால்ஸின் பார்வை தொழுவப் பக்கம் போனது. அங்கே ஜோஸ்ட் சாணம் அள்ளிக்கொண்டிருந்தான். ரெகுலாவின் பார்வையும் அங்கேதான் போனது. ஊர் முழுக்க அவனைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பால்ஸின் சித்தப்பா வழி உறவு, இலையுதிர் காலத்தில்தான் கிளாரஸிலிருந்து வந்து சேர்ந்தான், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் பூராவும் கழுத்தில் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு இருமினான். அதைவிட, கறக்க உட்காரும் முன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் வேறு. அதற்காக ரெகுலா அவனை எத்தனை தடவை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்! 'துப்பறதுக்கு உனக்கு மாட்டு மடிதானா கிடைச்சுது, தரித்திரமே!' என்று அவள் போட்ட சத்தம் எல்மர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது அந்தச் சத்தத்தை நினைத்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எச்சரித்தவள் அவள்தானே.

மிஸ் கார்லிஸ் குறிப்பெடுக்காமலே கேள்வி கேட்டாள். யார் கறப்பார்கள், எந்தத் துணியால் துடைப்பார்கள், யாருக்கு எப்போது தொண்டை வலித்தது. ஜோஸ்ட் தனக்கு வலித்ததென்று உடனே ஒப்புக்கொண்டான். அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டாள். அப்புறம், ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி, எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்:

"ப்ளூமியோட காம்புக்குள்ள யாராவது ஏதாவது நுழைச்சீங்களா? பால் அடைச்சுக்கிட்டா சில பேர் வைக்கோல், கம்பி, இறகுன்னு விடுவாங்க."

ரெகுலா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்றாள். வார்த்தை கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. ஜோஸ்ட் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

லெந்து நாட்களில் ஒரு காலை. பக்கத்து மாடு மிதித்து ப்ளூமியின் பின்காம்பு அடைத்துக்கொண்டது. பால்ஸ் சந்தைக்குப் போயிருந்தான். ரெகுலா வாத்து இறகு ஒன்றை எடுத்து, தண்டை நறுக்கி, முனையை வழவழப்பாக்கி, காம்பின் துவாரத்துக்குள் மெல்ல விட்டாள். ஜோஸ்ட் வாலைப் பிடித்துக்கொண்டான். அடைப்பு விட்டுப் பால் பீய்ச்சியது. அன்று அவளுக்குக் கெட்டிக்காரி என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளத் தோன்றியது. அந்த இறகு உலர்ந்து விறைப்பாக இருந்ததால், விடுவதற்கு முன் உதட்டுக்கு நடுவே வைத்து எச்சிலில் நன்றாக ஊற வைத்தாள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த வாரம் அவளுக்குத் தொண்டையில் முள் மாதிரி ஏதோ இருந்தது. துணி துவைத்த குளிர் என்று சொல்லி எல்டர்பெரி ஒயினைச் சுட வைத்துக் குடித்தாள், மறந்தும் போனாள்.

மறந்துவிட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தாள்.

மாலையில் தொழுவத்தில் ஜோஸ்டைத் தனியே பிடித்தாள். அவன் கறக்கும் முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, என்னையே பாத்துட்டிருக்க?"

"நான் எங்க பாத்தேன், அண்ணி? நான் முக்காலியைத்தான் பாக்கிறேன்."

"அவ கேட்டப்ப தலையைக் குனிஞ்சியே."

ஜோஸ்ட் துணியைக் கீழே வைத்தான். "நான் வாயே திறக்கல அண்ணி. திறக்கவும் மாட்டேன். ஆனா ஊர்ல என்னைத்தான் கொலைகாரன்னு சொல்றானுங்க. காஸ்பர் அண்ணன் பொண்டாட்டி என்னைப் பாத்து மண்ணை வாரித் தூத்துனாங்க. பால்ஸ் அண்ணன் பெட்டியைக் கட்டிக்கோன்னு நேத்தே சொல்லிட்டாரு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லல."

"நீ துப்புனது இல்லையா?"

"துப்புனேன். கையில துப்புனேன். நீங்க..." அவன் நிறுத்திக்கொண்டான். "போகட்டும் விடுங்க, எனக்கென்ன. சிவந்துட்டா எல்லாருக்கும் நல்லது."

அதுதான் அவள் மனசில் ஆணியாக இறங்கியது. சிவந்துட்டா எல்லாருக்கும் நல்லது. ஜோஸ்டுக்கு நல்லது. பண்ணைக்கு நல்லது. ப்ளூமிக்கு நல்லது. இல்லாவிட்டால் அவளை இழுத்துப் போய்ச் சுட்டுவிடுவார்கள். செத்த பிள்ளை திரும்பியா வரப்போகிறான்? அவனுக்கு இனிமேல் சிவப்பென்ன, ஆரஞ்சென்ன? இப்படியெல்லாம் அவள் மனசு அவளுக்கே வக்கீலாகப் பேசியது. பேசப் பேச அவளுக்கு அந்த வக்கீல் மேலேயே சந்தேகம் வந்தது.

ஞாயிறு காலை மிஸ் கார்லிஸ் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்டாள். போகும்போது இடுப்புப் பட்டிக்கு மேலே ரவிக்கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்தே அவளுக்கு இந்தப் பழக்கம். அங்கே எதையோ முடிந்து வைத்திருக்கிறாள், என்ன எழவோ என்று ரெகுலா அப்போதும் நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. பால்ஸ் குதிரை பூட்டிக்கொண்டிருந்தான். மகள் அன்னெலி படியில் உட்கார்ந்து பூனையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கொட்டகை மூலையில் புளித்தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. சீஸ் எடுத்த பின் பிரிகிற தெளிவை அதில் ஊற்றிப் புளிக்க விட்டு, அடுத்த நாள் மிச்சப் பாலைத் திரிக்க அதைத்தான் விடுவார்கள். கிளாரஸ்காரர்களின் சீஸ் கொட்டகையில் அந்தப் பீப்பாய் இல்லாமல் இருக்காது. பிறந்ததிலிருந்து ரெகுலாவுக்கு அந்த வாசனை தெரியும். புளிப்பு வேண்டும் என்றால் அவள் கை தானாகப் போகிற இடம் அதுதான். சமையலறையில் வினிகர் இருந்தது, அது அவள் நினைவுக்கே வரவில்லை. ஒரு கரண்டி மோந்தாள். நீல நூல் கட்டிய குழாயின் பஞ்சை எடுத்து, உள்ளே கொஞ்சம் விட்டு, பஞ்சை முன்போலவே திருகி அடைத்தாள். கரண்டியை உதறிப் பீப்பாய்ப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

ஆராதனை முடிந்ததும் ஊரில் பாதிப் பேர் ஸென்ட்னர் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். யாரும் அழைக்கவில்லை. யாரும் கேட்டுக்குள் காலும் வைக்கவில்லை. வேலிக்கு வெளியே கறுப்பு உடையில் நின்றார்கள். முன்னால் காஸ்பர் எல்மர், கையில் தொப்பியோடு. என்ன தீர்ப்பு என்று கேட்க வந்தவர்கள் மாதிரி அவர்கள் நிற்கவில்லை. தீர்ப்பைக் கையிலேயே கொண்டுவந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

கொட்டகைக்குள் மிஸ் கார்லிஸ் சாயக் குப்பியைத் திறந்தாள். பால்ஸ், ரெகுலா, வாசலில் ஜோஸ்ட். முதலில், ஒப்பிட்டுப் பார்க்க, தைஸின் குழாய்: ஆரஞ்சு. அடுத்து ஜோஸ்டின் தொண்டையில் எடுத்தது.

"உங்க குழாய்ல ஒண்ணுமே வளரல, ஜோஸ்ட். உங்க தொண்டை சுத்தம்."

ஜோஸ்ட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அடுத்து நீல நூல். சொட்டு விழுந்தது. குழாய் பீட்ரூட் சாறு மாதிரிச் சிவந்தது.

"சிவப்பு!" பால்ஸ் துள்ளிவிட்டான். "அம்மாடியோ, சிவப்பு! ஏ ரெகுலா, பாத்தியாடி! டேய் ஜோஸ்ட், பெட்டியை அவுத்துப் போடுடா! நம்ம ப்ளூமி தங்கம்டா, தங்கம்!"

"கொஞ்சம் பொறுங்க, மிஸ்டர் ஸென்ட்னர்." மிஸ் கார்லிஸ் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாகத் திரி திரியாக ஏதோ படிந்திருந்தது. பஞ்சை எடுத்து முகர்ந்தாள். "இவ்வளவு சிவப்பு எனக்குச் சரியாப் படல. மாட்டு வகையும் ஒரு அளவுக்கு மேல போகாது. இந்தப் புளிப்புல அதுவே செத்துடும். இதை நான் இன்னொரு தரம்..."

"எத்தனை தரம்தான் பாப்பீங்க டாக்டரம்மா? ஆரஞ்சு வந்திருந்தா இன்னொரு தரம் பாத்திருப்பீங்களா? சொல்லுங்க!"

அதில் நியாயம் இல்லாமலில்லை. கேட்ட வேகத்திலேயே பால்ஸ் வெளியே போய்விட்டான். ஜோஸ்ட் அங்கேயே நின்றான். அவன் பார்வை பீப்பாய்க்கும் அங்கே தொங்கிய கரண்டிக்கும் போய், அங்கிருந்து ரெகுலாவின் முகத்துக்கு வந்தது. மிஸ் கார்லிஸும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் ஸென்ட்னர், நான் இல்லாதப்ப இங்க யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே" என்றாள் ரெகுலா. "ஜோஸ்ட்தான் நெருப்புப் போட வருவான்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஜோஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே பால்ஸின் குரல் கணீரென்று கேட்டது. "எல்லாரும் கேட்டுக்குங்க! சிவந்துடுச்சு! மாட்டுக் கிருமிதான், மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது! என் பாலைப் பன்னிக்கு ஊத்தச் சொன்னீங்களே, இது இன்னைக்குக் காலையில ப்ளூமிகிட்ட கறந்தது. இப்ப பாருங்க யாரு குடிக்கப் போறாங்கன்னு. அன்னெலி, இங்க வாடி ராசாத்தி!"

ரெகுலா ஓடினாள். கால் எங்கே பட்டது என்று அவளுக்குத் தெரியாது. முற்றத்தின் நடுவில் பால்ஸ் ஒரு கையில் ஜாடியோடு நின்றான். அன்னெலி இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற பெருமையில் வேலிப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். பிறகு கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"குடிக்காத! அன்னெலி, குடிக்காதடி!"

கோப்பை தெறித்துப் போய்ச் சேற்றில் விழுந்தது. குழந்தை வீறிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" பால்ஸ் கத்தினான். "சிவந்துடுச்சுன்னு சொல்றேன்ல!"

"நான்தான் சிவக்க வச்சேன்." அவள் முழங்காலில் விழுந்து குழந்தையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "புளித்தண்ணியை நான்தான் ஊத்தினேன். ஜோஸ்ட் இல்ல. அவன் ஒண்ணும் பண்ணல. லெந்துல ப்ளூமிக்குக் காம்பு அடைச்சப்ப இறகை என் வாயில வச்சு ஊற வச்சு உள்ளே விட்டேன். எனக்குத் தொண்டை வலி இருந்துச்சு. தெரிஞ்சுதான் மறைச்சேன். ஐயோ, தெரிஞ்சேதான் மறைச்சேன்!"

பால்ஸ் ஜாடியைக் கீழே வைத்தான். எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் வைத்ததால் அது சாய்ந்து, பால் சேற்றில் ஓடியது.

மிஸ் கார்லிஸ் கொட்டகை வாசலுக்கு வந்திருந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து ஃபிளானல் துணியில் சுற்றிய ஒரு குழாயை எடுத்தாள். அதிலும் நீல நூல். "பாய்லர் நெருப்பை நம்பி நான் எப்பவும் ஒண்ணை மட்டும் வைக்கிறதில்ல. இதுவும் அதே பாலுதான், என் உடம்புச் சூட்டுல வளர்ந்தது" என்றாள். யாரையும் குத்திக் காட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. சாயக் குப்பியைச் சாய்த்தாள். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் தெரிந்தது. ஆரஞ்சு. தைஸின் குழாய் எந்த ஆரஞ்சோ அதே ஆரஞ்சு.

காஸ்பர் எல்மர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். அன்றைக்கு அந்தக் கேட்டுக்குள் நுழைந்த முதல் ஆள் அவன்தான். அடிக்கப் போகிறான் என்று பால்ஸ் குறுக்கே வந்தான். காஸ்பர் அவனைத் தாண்டி வந்து குழந்தைக்கு முன்னால் குந்தினான்.

"மிஸஸ் ஸென்ட்னர்," என்றாள் மிஸ் கார்லிஸ், கையில் பஞ்சுக் குச்சியோடு, "வாயைத் திறங்க."

"முதல்ல இவளைப் பாருங்க" என்றாள் ரெகுலா. "இவ குடிக்கல. நான் தட்டிவிட்டுட்டேன். குடிக்கலதானேடி? அம்மாகிட்ட சொல்லு, குடிக்கலதானே?"

அன்னெலி தேம்பிக்கொண்டே புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். மேலுதட்டில் வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது.

"ஒரே ஒரு வாய்தாம்மா" என்றாள்.

காஸ்பர் தன் சட்டைக் கை நுனியால் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டான்.

"எங்க தைஸும் முழுசாக் குடிக்கல" என்றான்.